ஈகிள்ஸா, பரிட்டோ பிரதர்ஸா? கன்ட்ரி ராக்கில் யார் பெரியவர்?

கேள்வி இதுதான்: ‘கன்ட்ரி ராக் என்றால் உலகத்துக்கே ஈகிள்ஸ்தான் தெரியும். ஆனால் இசை பற்றி எழுதுகிறவர்களோ ஃப்ளையிங் பரிட்டோ பிரதர்ஸ், கிராம் பார்சன்ஸ் என்று யாரும் கேட்டிராத பெயர்களைத் தூக்கிப் பிடிக்கிறார்கள். விற்கவே விற்காத குழு எப்படி முக்கியமான குழு ஆகும்?’

நியாயமான கேள்வி. அமெரிக்கத் தென்மாநிலங்களில் வேர்விட்ட கன்ட்ரி இசையை ராக்கோடு கலந்ததுதான் கன்ட்ரி ராக். நானும் ஈகிள்ஸின் ‘ஹோட்டல் கலிஃபோர்னியா’ வழியாகத்தான் இந்த இசைக்குள் வந்தேன். நம் ஊரில் கிட்டார் கையில் எடுத்தவர்களில் பாதிப் பேருக்கு அதுதான் வாசல். அப்புறம் பின்னோக்கிப் போய் ஒவ்வொரு குழுவாகக் கேட்டபோதுதான், நான் தனித்தனி ஆட்கள் என்று நினைத்திருந்தவர்கள் எல்லாம் ஒரே தெருக்காரர்கள் என்று புரிந்தது. பதிலும் அங்கேதான் இருக்கிறது. விற்றவர்களும் விற்காதவர்களும் இரண்டு கட்சிகள் இல்லை. லாஸ் ஏஞ்சலிஸில் ஒருவர் வீட்டு வரவேற்பறையில் இன்னொருவர் உட்கார்ந்து பாட்டுக் கேட்ட, ஒருவர் குழுவிலிருந்து இன்னொருவர் குழுவுக்குத் தாவிய ஒரு சில டஜன் ஆட்கள், அவ்வளவுதான்.

முதலில் எண்களைப் பார்த்துவிடலாம். ஈகிள்ஸின் 1971-75 பாடல் தொகுப்பு 1976 பிப்ரவரியில் வந்தது. அமெரிக்க இசைத்தட்டு நிறுவனங்களின் சங்கம் அந்த ஆண்டுதான், பத்து லட்சம் விற்றால் ‘பிளாட்டினம்’ என்ற விருதை உண்டாக்கியது. அதை முதலில் வாங்கிய ஆல்பம் இதுதான். 2018-இல் அதே தொகுப்பு 38 மடங்கு பிளாட்டினம் ஆகி, மைக்கேல் ஜாக்சனின் ‘த்ரில்லர்’ ஆல்பத்தைத் தாண்டியது. ஸ்ட்ரீமிங்கையும் சேர்த்துக் கணக்கிட்டு, அமெரிக்காவில் மட்டும் 3.8 கோடி. இத்தனைக்கும் அந்தத் தொகுப்பில் ‘ஹோட்டல் கலிஃபோர்னியா’ கிடையாது. அது அந்த ஆண்டின் கடைசியில்தான் வந்தது; அதே 2018-இல் அது தனியாக 26 மடங்கு பிளாட்டினம் ஆனது.

மறுபக்கம், ஃப்ளையிங் பரிட்டோ பிரதர்ஸின் முதல் ஆல்பம் ‘தி கில்டட் பேலஸ் ஆஃப் சின்’, 1969 பிப்ரவரி. அமெரிக்க விற்பனையை வரிசைப்படுத்தும் பில்போர்டு பட்டியலில் அது எட்டிய உயரம் 164. அந்தக் குழுவை உண்டாக்கியவர்களில் ஒருவரான கிராம் பார்சன்ஸ், அதற்கு முந்தைய ஆண்டு பேர்ட்ஸ் என்ற ராக் குழுவில் இருந்தபோது செய்த ‘ஸ்வீட்ஹார்ட் ஆஃப் தி ரோடியோ’ 77-ஆம் இடத்தோடு நின்றது. அதுவரை பேர்ட்ஸ் வெளியிட்டதில் மிக மோசமான விற்பனை அதற்குத்தான். பார்சன்ஸ் இறந்த பிறகு 1974-இல் வந்த அவருடைய தனி ஆல்பம் ‘கிரீவியஸ் ஏஞ்சல்’ 195.

எண்களை வைத்து மட்டும் தீர்ப்புச் சொல்வதென்றால் இத்தோடு பதிலை முடித்துவிடலாம்.

ஆனால் 1968-இல் என்ன நடந்தது என்று பார்க்க வேண்டும். அன்றைய அமெரிக்காவில் கன்ட்ரி இசை கேட்பவர்களும் ராக் கேட்பவர்களும் ஒருவரை ஒருவர் சகிக்காத இரண்டு கூட்டங்கள். வியட்நாம் போர், நீண்ட முடி, போதைப்பொருள் என எல்லாவற்றிலும் எதிரெதிர்ப் பக்கம். அந்த மார்ச் மாதம் பேர்ட்ஸ், கன்ட்ரி இசையின் தலைநகரான நாஷ்வில்லுக்குப் போய் கன்ட்ரி ஆல்பம் பதிவு செய்தார்கள். அங்கேயே கிராண்ட் ஓல் ஆப்ரி மேடையிலும் ஏறினார்கள். கன்ட்ரி இசைக்கு அந்த மேடை கோயில் மாதிரி. கலிஃபோர்னியாவிலிருந்து வந்த ராக் குழு என்று பார்வையாளர்கள் கேலிக் குரல் எழுப்பினார்கள். கன்ட்ரி நட்சத்திரம் மெர்ல் ஹேகர்டின் பாட்டைப் பாடுவதாக ஏற்பாடு. பார்சன்ஸ் கடைசி நேரத்தில் மனம் மாறி, தன் பாட்டிக்குச் சமர்ப்பணம் என்று சொல்லித் தன் சொந்தப் பாட்டான ‘ஹிக்கரி விண்ட்’ பாடினார். ஆப்ரி நிர்வாகத்துக்குக் கடுங்கோபம். அந்த நேரத்தில் பார்சன்ஸுக்கு வயது 21.

அவர் யார் என்று இரண்டு வரி. ஃப்ளோரிடாவில் ஆரஞ்சுத் தோட்டங்களால் பெரும் பணக்காரர்களான குடும்பம், ஜார்ஜியாவில் வளர்ந்தார், ஹார்வர்டில் ஒரு செமஸ்டர்கூட ஒழுங்காகப் படிக்கவில்லை. பேர்ட்ஸில் அவர் இருந்தது சில மாதங்கள்தான். 1968 ஜூலையில் அந்தக் குழு தென்னாப்பிரிக்காவுக்கு டூர் கிளம்பியபோது, நிறவெறி ஆட்சி நடக்கும் நாட்டில் பாட மாட்டேன் என்று விலகினார். ரோலிங் ஸ்டோன்ஸின் கீத் ரிச்சர்ட்ஸோடு சுற்றுவதற்காகத்தான் விலகினார் என்று பேர்ட்ஸில் கூட இருந்த கிறிஸ் ஹில்மன் பிற்பாடு சொன்னார். இரண்டுமே உண்மையாக இருக்கலாம் என்பது என் எண்ணம். அதே ஹில்மனும் பேர்ட்ஸை விட்டு வந்து பார்சன்ஸோடு சேர்ந்து உண்டாக்கியதுதான் பரிட்டோ பிரதர்ஸ்.

இனி அந்த முதல் ஆல்பத்துக்கு வருகிறேன். இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் ‘தாக்கம்’ என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனால் ஒன்றும் விளங்காது.

முதல் விஷயம், பெடல் ஸ்டீல் கிட்டார். மேசை மாதிரிக் கிடத்தி வைத்து, இரும்புத் துண்டு ஒன்றைக் கம்பிகளின் மேல் நகர்த்தி வாசிப்பது. காலால் பெடலை அழுத்தினாலோ முழங்காலால் நெம்புகோலைத் தள்ளினாலோ ஓரிரு கம்பிகளின் சுருதி மட்டும் ஏறும், இறங்கும். மற்றவை அப்படியே நிற்கும். கன்ட்ரி பாட்டில் அழுகுரல் போல இழைந்து வரும் அந்த ஒலி இதுதான். ஸ்னீக்கி பீட் க்ளைனோ இதை எடுத்து, ராக் கிட்டார்காரர்கள் பயன்படுத்தும் ஃபஸ் கருவிக்குள் செலுத்தினார். குரல் கரகரத்து, கிழிந்து, சில இடங்களில் மின்சாரக் கிட்டாரா ஸ்டீலா என்று தெரியாத அளவுக்கு மாறியது. அவர் குழுவுக்கு வரும் முன்பு ‘கம்பி’ (Gumby) என்ற களிமண் பொம்மைத் தொடருக்கு அனிமேஷன் வேலை செய்தவர். நாஷ்வில் ஸ்டுடியோக்களின் இலக்கணம் அவரை எந்த விதத்திலும் கட்டிப்போடவில்லை.

இரண்டாவது, பாட்டுத் தேர்வு. அந்த ஆல்பத்தில் ‘டூ ரைட் வுமன்’, ‘டார்க் எண்ட் ஆஃப் தி ஸ்ட்ரீட்’ என்று இரண்டு சோல் பாட்டுகள் இருக்கின்றன. முதலாவது அரீத்தா ஃப்ராங்க்ளின் குரலிலும் இரண்டாவது ஜேம்ஸ் கார் குரலிலும் பெயர் பெற்றவை, கறுப்பினப் பாடகர்களின் பாட்டுகள். பரிட்டோ பிரதர்ஸ் அவற்றைச் சுத்தமான கன்ட்ரிப் பாட்டாகப் பாடினார்கள், ஒட்டுப்போட்டது போலத் தெரியவே இல்லை. அமெரிக்கத் தென்மாநிலங்களின் கறுப்பர் சோலும் வெள்ளையர் கன்ட்ரியும் ஒரே மண்ணில் விளைந்தவை, கடைக்காரர்கள்தான் அவற்றை வேறு வேறு அலமாரியில் வைத்தார்கள் என்பது பார்சன்ஸின் நம்பிக்கை. இதைத்தான் அவர் ‘காஸ்மிக் அமெரிக்கன் மியூசிக்’ என்றார். பெயர் கொஞ்சம் பகட்டுதான், ஆனால் எண்ணம் ஆழமானது. அவருடைய உண்மையான சொத்து அந்த எண்ணம் என்று நான் நினைக்கிறேன்.

மூன்றாவது, அட்டைப்படம். கன்ட்ரி நட்சத்திரங்களுக்கு ஜிகினா உடைகள் தைக்கும் நூடி கோன் கடையில் நால்வரும் உடை தைத்துக்கொண்டார்கள். பார்சன்ஸின் வெள்ளை உடையில் ரோஜாவுக்கும் மாட்டு வண்டிக்கும் பதிலாகக் கஞ்சா இலை, கசகசாப் பூ, மாத்திரைகள். முதுகில் பெரிய சிலுவை. இன்றைக்கு அந்த உடையைக் காட்சிக்கு வைத்திருப்பது நாஷ்வில்லின் கன்ட்ரி இசை அருங்காட்சியகம்.

சரி, இத்தனை இருந்தும் ஏன் விற்கவில்லை? கன்ட்ரி ரேடியோவுக்கு இவர்கள் ஹிப்பிகள். ராக் ரேடியோவுக்கு ஸ்டீல் கிட்டார் சத்தமே கிராமத்துப் பிற்போக்கின் அடையாளம். இடையில் நின்றவனுக்கு இரண்டு வீட்டிலும் சோறு இல்லை. இது வெளிக்காரணம். உட்காரணமும் உண்டு, அதை ரசிகர்கள் பூசி மெழுகுவது எனக்குப் பிடிக்காது. அவர்கள் மேடையில் ஒழுங்காக வாசிப்பதில்லை. ஒத்திகை கிடையாது. பார்சன்ஸுக்கு விமானம் என்றால் பயம். அதனால் டூரை ரயிலில் போனார்கள், வழியெல்லாம் போதையும் சீட்டாட்டமும். குடும்பச் சொத்திலிருந்து மாதா மாதம் பணம் வந்துகொண்டிருந்த ஒருவருக்கு அடுத்த கச்சேரி நன்றாக நடந்தே தீர வேண்டும் என்ற நெருக்கடி இல்லை. 1970-இல் ஹில்மனே அவரைக் குழுவிலிருந்து அனுப்பினார்.

ஈகிள்ஸ் இதற்கு நேர் எதிர். கிளென் ஃப்ரே, டான் ஹென்லி, பெர்னி லெடன், ராண்டி மைஸ்னர் நால்வரும் 1971-இல் பாடகி லிண்டா ரான்ஸ்டாட்டுக்குப் பின்னணி வாசித்தவர்கள். லெடன், பரிட்டோ பிரதர்ஸிலிருந்து வந்தவர். மைஸ்னர், போகோ குழுவின் முதல் ஆட்களில் ஒருவர். அதாவது முந்தைய குழுக்கள் எங்கே சறுக்கின என்பதை மேடையின் மேலேயே நின்று பார்த்தவர்கள். முதல் ஆல்பத்துக்கு முன்பே கொலராடோவுக்குப் போய், யாரும் கவனிக்காத சிறு கிளப்புகளில் இரவுக்கு இரவு வாசித்துத் தங்களைப் பழக்கிக்கொண்டார்கள். கரகரப்பை எடுத்துவிட்டு, நான்கு குரல்களும் சேரும் இடத்தை முன்னால் கொண்டுவந்தார்கள். ஸ்டீலின் அழுகையை மிதமாக்கினார்கள். ‘டேக் இட் ஈஸி’ பாட்டில் பின்னால் பாஞ்சோ ஓடிக்கொண்டேதான் இருக்கிறது, ஆனால் யாரும் அதைக் கன்ட்ரிப் பாட்டு என்று ரேடியோவில் தள்ளிவைக்கவில்லை. இதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். ஒரு பாட்டை எந்தச் சுருதிப் பிசிறும் இல்லாமல், அதே நேரம் சிரமமே இல்லாததுபோல் ஒலிக்கவைப்பது பெரிய உழைப்பு. ஈகிள்ஸை ‘வியாபாரிகள்’ என்று ஒரே வார்த்தையில் ஒதுக்குகிறவர்கள் அந்த உழைப்பைக் கேட்கவே இல்லை.

அப்படியானால் தாக்கம் ஏன் பார்சன்ஸ் பக்கம் சாய்கிறது? என் பதில்: ஈகிள்ஸ் செய்தது முழுமையான வேலை. பூசி, வர்ணம் அடித்து, சாவியையும் கையில் கொடுத்துவிட்ட வீடு. குடியேறலாம், ஆனால் புதிதாக ஓர் அறை கட்ட இடம் இல்லை. பரிட்டோ பிரதர்ஸ் விட்டுப்போனது அஸ்திவாரமும் பாதிச் சுவரும். அதைப் பார்க்கிற இன்னொரு கலைஞனுக்கு ‘இதை நான் தொடரலாமே’ என்று தோன்றுகிறது. கேட்பவர்கள் முழுமையை வாங்குகிறார்கள். வாசிப்பவர்கள் பெரும்பாலும் பாதியில் நின்றதைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள்.

ஆனால் பாதிச் சுவர் தானாக நிற்காது, யாராவது காக்க வேண்டும். இந்தக் கதையில் அந்த ஆள் எம்மிலூ ஹாரிஸ். வாஷிங்டனில் சின்ன கிளப்புகளில் பாடிக்கொண்டிருந்த அவரை ஹில்மன்தான் முதலில் கேட்டுப் பார்சன்ஸிடம் சொன்னார். பார்சன்ஸின் இரண்டு தனி ஆல்பங்களிலும் அவரோடு சேர்ந்து பாடியவர் எம்மிலூ. 1973 செப்டம்பர் 19 அன்று ஜோஷுவா ட்ரீ பாலைவனத்து விடுதி ஒன்றில் பார்சன்ஸ் போதையால் இறந்தார், வயது 26. அவர் உடலை நண்பர்கள் விமான நிலையத்திலிருந்து கடத்திப்போய்ப் பாலைவனத்தில் எரித்த கதையை எல்லோரும் சொல்வார்கள். அந்தக் கதைதான் அவரைப் பெரிய ஆளாக்கியது என்று சிலர் நினைக்கிறார்கள். புராணம் சேர்ந்தது உண்மைதான். ஆனால் அந்தப் பாட்டுகள் பிழைத்தது அதனால் இல்லை. 1975 முதல் எம்மிலூ அவற்றை ஆல்பத்துக்கு ஆல்பம் பாடிக் கன்ட்ரி ரசிகர்களிடமே கொண்டுபோய்ச் சேர்த்தார், அதனால்தான். அவருடைய ‘ஹாட் பேண்ட்’ குழுவில் வாசித்து வளர்ந்தவர்கள் ராட்னி க்ரோவலும் ரிக்கி ஸ்காக்ஸும். 1980-களில் நாஷ்வில்லில் வரிசையாக முதலிடப் பாட்டுகள் கொடுத்தவர்கள். ஆக, விற்காத பார்சன்ஸ் இரண்டு கை மாறி நன்றாகவே விற்றார், பெயர் மட்டும் வேறு.

இன்னொரு கிளை ராக் பக்கம் போனது. 1981-இல் ஆங்கிலேய ராக் பாடகர் எல்விஸ் காஸ்டெல்லோ நாஷ்வில்லுக்கே போய்ப் பதிவு செய்த ‘ஆல்மோஸ்ட் ப்ளூ’ ஆல்பத்தில் பார்சன்ஸின் பாட்டுகள் இருந்தன. இல்லினாய் மாநிலத்துச் சின்ன ஊர்ப் பையன்களான அங்கிள் டுபெலோ, 1990-இல் ‘நோ டிப்ரஷன்’ ஆல்பத்தைக் கொண்டுவந்தார்கள். அதே காலத்தில் பரிட்டோ பிரதர்ஸின் ‘சின் சிட்டி’யையும் பாடிப் பதிவு செய்தார்கள். அந்த ஆல்பத்தின் பெயரிலேயே 1995-இல் ஒரு பத்திரிகை தொடங்கியது. அங்கிள் டுபெலோ உடைந்து பிறந்த குழுதான் வில்கோ. இந்த இசைக்கு ‘அமெரிக்கானா’ என்று தனிப்பெயர் நிலைத்தது. 2010-இல் கிராமி விருதில் தனிப் பிரிவே வந்துவிட்டது. ஒருகாலத்தில் எந்த ரேடியோவும் ஏற்காத அந்த இடைவெளி இன்று முகவரியுள்ள தெரு.

சரி, ஈகிள்ஸுக்குத் தாக்கமே இல்லையா? இந்த இடத்தில்தான் விமர்சகர்களோடு எனக்குச் சண்டை. 1993-இல் ‘காமன் த்ரெட்’ என்று ஓர் ஆல்பம் வந்தது. ஆலன் ஜாக்சன், ட்ரிஷா யர்வுட், கிளின்ட் பிளாக், வின்ஸ் கில் என அன்றைய நாஷ்வில்லின் முன்வரிசை முழுவதும் ஈகிள்ஸ் பாட்டுகளைப் பாடியது. அடுத்த ஆண்டு கன்ட்ரி இசைச் சங்கத்தின் சிறந்த ஆல்பம் விருது அதற்குத்தான். அதில் ‘டேக் இட் ஈஸி’ பாடிய ட்ராவிஸ் ட்ரிட்டின் வீடியோவுக்காக ஈகிள்ஸ் உறுப்பினர்கள் பல ஆண்டுகளுக்குப் பிறகு ஒன்றாக வந்து நின்றார்கள். 1994-இல் குழு மறுபடி சேர அதுவே வழிவிட்டது. 1970-களில் ஈகிள்ஸுக்குக் கன்ட்ரிப் பட்டியலில் முதல் பத்துக்குள் வந்த பாட்டு ‘லையின் ஐஸ்’ ஒன்றே ஒன்று. இருபது வருடம் கழித்துப் பார்த்தால், கன்ட்ரி ரேடியோ முழுவதுமே ஈகிள்ஸ் மாதிரி ஒலித்தது: அடுக்குக் குரல்கள், சுத்தமான கிட்டார், ராக் தாளம். இதையும் தாக்கம் என்று சொல்லாமல் வேறு என்ன சொல்வது? விமர்சகர்களுக்கு அந்த நாஷ்வில் பிடிக்கவில்லை, அதனால் அந்தத் தாக்கத்தைக் கணக்கில் எழுத மறுக்கிறார்கள்.

இந்த விவாதத்தில் இரண்டு பக்கமும் கைவிட்ட ஒரு குழு இருக்கிறது: போகோ. எனக்கு மனசு ஆறாத இடம் இது. பஃபலோ ஸ்பிரிங்ஃபீல்ட் என்ற ராக் குழு உடைந்ததும் 1968-இல் ரிச்சி ஃப்யூரேயும் ஜிம் மெஸ்ஸினாவும் ரஸ்டி யங்கோடு சேர்ந்து தொடங்கியது. முதலில் வைத்த பெயர் போகோவேகூட (Poco) இல்லை, Pogo என்ற ஒரு காமிக்ஸ் பாத்திரத்தின் பெயர், அதை வரைந்தவர் எதிர்க்கவே மாற்றினார்கள். ரஸ்டி யங், ஸ்டீல் கிட்டாரை லெஸ்லி என்ற சுழலும் ஸ்பீக்கர் வழியாக அனுப்பி ஆர்கன் மாதிரி முழங்கவைத்தார். உயர்ந்த குரல்களின் அடுக்கு, துள்ளல் தாளம், கன்ட்ரியின் சிரித்த முகம் என்று பின்னால் ஈகிள்ஸைப் பணக்காரர்களாக்கிய பொருட்கள் எல்லாம் 1969-லேயே போகோவிடம் இருந்தன. கிளென் ஃப்ரே, ஃப்யூரேயின் வீட்டுக்கு வந்து அவர்களுடைய ஒத்திகையை உட்கார்ந்து கேட்டவர். போகோவை விட்டுப்போன மைஸ்னர் ஈகிள்ஸில் சேர்ந்தார். போகோவில் அவர் இடத்துக்கு வந்தவர் டிமோத்தி ஷ்மிட். 1977-இல் மைஸ்னர் ஈகிள்ஸை விட்டபோது, அங்கேயும் அவர் இடத்துக்குப் போனவர் அதே ஷ்மிட். 1972-இல் ஈகிள்ஸின் முதல் சிங்கிளே 12-ஆம் இடம் தொட்டது. அதே ஆண்டு போகோ பெரிதும் நம்பியிருந்த ‘எ குட் ஃபீலின் டு நோ’ பாட்டு எடுபடவில்லை. ஃப்யூரே அடுத்த ஆண்டே விலகிவிட்டார். 1979-இல் ‘க்ரேஸி லவ்’ 17-ஆம் இடம் வந்து குழுவுக்கு முதல் பெரிய வெற்றியைக் கொடுத்தபோது, தொடங்கியவர்களில் மிஞ்சியிருந்தவர் ரஸ்டி யங் மட்டும்தான்.

போகோவுக்குப் பெரிய விற்பனையும் இல்லை, புராணமும் இல்லை. யாரும் இளம் வயதில் சாகவில்லை, யாரும் யார் உடலையும் கடத்தவில்லை. ஒழுங்காக ஒத்திகை பார்த்து, ஒழுங்காக வாசித்து, வருடத்துக்கு ஓர் ஆல்பம் கொடுத்த குழு. அவர்களுடைய தாக்கம் ஈகிள்ஸுக்குள்ளேயே கரைந்துபோனதால் தனியாகக் கண்ணுக்குத் தெரிவதில்லை. கன்ட்ரி ராக்கில் யாருக்கு அநியாயம் நடந்தது என்று என்னைக் கேட்டால் பார்சன்ஸ் பெயரைச் சொல்ல மாட்டேன், ரஸ்டி யங் பெயரைத்தான் சொல்வேன்.

அதனால் ‘யார் பெரியவர்’ என்பதற்கு என் பதில்: ஒரு பாட்டு எத்தனை வீட்டில் ஒலித்தது என்று கேட்டால் ஈகிள்ஸ், எட்டாத தூரத்தில். புதிதாக ஒரு வழியைத் திறந்தவர் யார் என்று கேட்டால் பார்சன்ஸும் ஹில்மனும், அந்த வழியில் புல் முளைக்காமல் காத்த எம்மிலூவும். கன்ட்ரி ரேடியோவின் ஒலியை மாற்றியவர் யார் என்றால் மறுபடியும் ஈகிள்ஸ்தான். இதில் எதுவும் மற்றதைப் பொய்யாக்காது.

நீங்களே கேட்டுப் பார்க்க ஒரு வழி சொல்கிறேன். ‘ட்ரெய்ன் லீவ்ஸ் ஹியர் திஸ் மார்னிங்’ என்ற பாட்டை எடுங்கள். பேர்ட்ஸில் இருந்த ஜீன் கிளார்க்கும் பெர்னி லெடனும் சேர்ந்து எழுதியது. 1968-இல் டில்லர்ட் அண்ட் கிளார்க் என்ற குழுவுக்காக முதலில் பதிவானது. அந்த ஆல்பம் கடைகளில் அப்படியே கிடந்தது. நான்கு வருடம் கழித்து லெடன் அதே பாட்டை ஈகிள்ஸின் முதல் ஆல்பத்தில் தானே பாடினார். முதலில் கிளார்க் பாடியதைக் கேளுங்கள், பிறகு ஈகிள்ஸ். அப்புறம் ஈகிள்ஸின் 1974 ஆல்பத்தில் ‘மை மேன்’ என்ற பாட்டு இருக்கிறது, அதையும் கேளுங்கள். இறந்துபோன தன் பழைய நண்பர் கிராம் பார்சன்ஸுக்காக லெடன் எழுதிப் பாடியது அது.